ஆப்பிள் மரத்தின் வேர் அதனுடையது அல்ல, தெரியுமா?

கையில் ஒரு ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். கடித்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்! அதற்குள் இருக்கும் விதையை மண்ணில் ஊன்றி, தண்ணீர் ஊற்றி, ஏழெட்டு வருடம் காத்திருந்தால் என்ன காய்க்கும் தெரியுமா? இதே ஆப்பிள் மட்டும் காய்க்காது! புளிப்பாக வரலாம், துவர்ப்பாக வரலாம், கோலிக்குண்டு அளவில் வரலாம். பத்து விதையை நட்டால் பத்து மரமும் பத்து விதம். ஆப்பிள் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே ரகத்தைச் சேர்ந்த பக்கத்து மரத்தின் மகரந்தமும் அதற்கு ஆகாது. வேறு ரகத்து மகரந்தம் தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு விதையும் இதுவரை உலகில் இல்லாத ஒரு புதுக் கலவை.

அப்படியானால் கடையில் அடுக்கியிருக்கும் அத்தனை பழமும் அச்சில் வார்த்தது போல ஒரே சுவையில் இருக்கிறதே, எப்படி? ஒட்டு! நம் ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அருகே ஈஸ்ட்வுட்டில் மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணியின் தோட்டத்தில் 1868-இல் ஒரு செடி தானாக முளைத்துக் காய்த்திருந்தது. இன்று உலகில் எங்கே ஒரு பச்சை நிற ‘கிரானி ஸ்மித்’ பழத்தைக் கடித்தாலும் அந்த ஒரே மரத்தின் குச்சியில் இருந்து ஒட்டி ஒட்டி வந்த கிளையின் பழத்தைத்தான் கடிக்கிறோம்! ‘கோல்டன் டெலிசியஸ்’ கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மலைப் பண்ணையில் தற்செயலாக முளைத்த தாய்மரத்தை 1914-இல் ஸ்டார்க் நாற்றங்கால் நிறுவனம் 5,000 டாலர் கொடுத்து வாங்கியது. குச்சியை யாரும் வெட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று மரத்தைச் சுற்றிக் கூண்டு அடித்து, அதில் திருட்டைக் காட்டிக்கொடுக்கும் மணியையும் பொருத்தினார்கள். ஒரு மரத்துக்கு!

சரி, குச்சி மேலே இருக்கிறது. அதைத் தாங்கி நிற்கும் வேர் யாருடையது? அது வேறொரு ரகம்! பெயரே கேள்விப்படாத, யாரும் வாங்கிச் சாப்பிடாத ஒரு ஆப்பிளின் வேர். ஆப்பிள் ஆராய்ச்சியின் மிகப் பெரிய புரட்சி பழத்தில் நடக்கவில்லை, மண்ணுக்குள் நடந்தது. கவனமாகக் கேளுங்கள், என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

மேலே ஒட்டிய மரத்தைக் குட்டையாக்கும் வேர்ச்செடிகள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகவே உண்டு. ஆனால் நாற்றங்கால்காரர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்து, எல்லாவற்றையும் கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். குட்டைச் செடி என்று வாங்கி நட்டது பத்து வருடத்தில் பூதம் போல வளர்ந்து நிற்கும். 1913-இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே ரொனால்ட் ஹாட்டன் என்பவர் அந்த வேர்ச்செடிகளைப் பல இடங்களில் இருந்து வரவழைத்து, நட்டு, இலை இலையாக ஒப்பிட்டு, எது எது என்று பிரித்தெடுத்தார். பழைய பெயர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ரோமன் எண்களால் குறித்தார். ஒன்பதாம் எண் கொடுக்கப்பட்ட செடிதான் இன்றைய ‘எம் 9’! பிரான்சில் தற்செயலாக முளைத்த ஒரு மஞ்சள் நிறக் குட்டை ஆப்பிள் அதன் மூலம். இன்று உலகின் வணிகத் தோட்டங்களில் கணக்கில்லாத மரங்கள் இந்த ஒன்பதாம் எண்ணின் மேல்தான் நிற்கின்றன.

எம் 9 வேரின் மேல் ஒட்டிய மரம் ஆள் கையை உயர்த்தினால் எட்டிவிடும் அளவுக்குச் சற்றே மேலேதான் வளரும். விதை வேரில் வளர்ந்த மரம் காய்ப்புக்கு வர ஏழெட்டு வருடம் ஆகும், இதுவோ இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே காய்த்துவிடும்! கட்டை வளர்ப்பதில் செலவழிக்காத சக்தி எல்லாம் பழத்துக்குப் போகிறது. பழைய முறையில் ஒரு ஹெக்டேரில் நூறு, இருநூறு மரங்கள் நின்ற இடத்தில், அடர் நடவில் 2,500, 3,000 என்று நடுகிறார்கள். ஆனால் ஒரு குறை உண்டு. எம் 9-இன் வேர் சட்டென முறியக்கூடியது. மரத்தால் சொந்தக் காலில் நிற்க முடியாது. ஆகவே கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கொடி போலக் கட்டி வளர்க்க வேண்டும். அதனால்தான் இன்றைய ஆப்பிள் தோட்டம் பார்வைக்குத் திராட்சைத் தோட்டம் போல இருக்கிறது.

மரம் குட்டையானால் இன்னொரு லாபமும் இருக்கிறது: வெளிச்சம். முழு வெயிலில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கும் குறைவாகவே வெளிச்சம் கிடைக்கும் கிளையில் அடுத்த வருடத்துப் பூமொட்டு சரியாக உருவாகாது, பழத்திலும் நிறம் ஏறாது. பெரிய மரத்தின் உட்புறம் முழுவதும் காயே பிடிக்காத வெற்று நிழல்! கவாத்து செய்கிறவர் கிளையை வெட்டுகிறார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் வெளிச்சத்துக்கு வழிவிடுகிறார். ஜப்பானின் பல தோட்டங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், வளரும் ஒவ்வொரு பழத்துக்கும் காகிதப் பை மாட்டி, அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன்பு கழற்றுகிறார்கள். தரையில் வெள்ளித்தாள் போன்ற விரிப்பை விரித்து, பழத்தின் அடிப்பக்கமும் சிவக்கும்படி வெயிலைத் திருப்பிவிடுகிறார்கள்!

வேருக்கும் எதிரிகள் உண்டு. வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு வேரில் சாற்றை உறிஞ்சும் கம்பளி அசுவினி ஒன்று. ‘நார்தர்ன் ஸ்பை’ என்ற பழைய அமெரிக்க ரகத்தை அது தொடுவதில்லை என்பதைக் கவனித்த ஈஸ்ட் மாலிங்கும், மெர்ட்டனில் இருந்த ஜான் இன்ஸ் நிலையமும் கைகோத்து அந்தக் குணத்தை வேர்ச்செடிக்குள் கொண்டுவந்தன. இமாசலப் பிரதேச விவசாயிகள் ‘எம்எம் 106’, ‘எம்எம் 111’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த இரண்டு ‘எம்’ எழுத்தும் மாலிங், மெர்ட்டன் என்ற இரண்டு ஊர்களின் பெயர்! இன்னொரு எதிரி, நெருப்பில் வாட்டியது போலக் கிளையைக் கருக்கிவிடும் ஒரு பாக்டீரியா நோய். தாவரத்துக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்று உலகம் முதன்முதலில் தெரிந்துகொண்டதே இந்த நோயை வைத்துத்தான். அதைத் தாங்கும் வேர்ச்செடிக்கான வேலையை நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1968-இல் தொடங்கினார்கள். நாற்றுகளுக்குள் வேண்டுமென்றே நோய்க்கிருமியைச் செலுத்தி, பிழைத்ததை மட்டும் வளர்த்து, அதிலும் நல்லதைத் தேர்ந்து... அந்த வேலை தலைமுறை தாண்டியும் நடக்கிறது. தொடங்கி வைத்தவர்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் பலன் தோட்டங்களில் பரவலாக வேரூன்றியது!

ஆப்பிள் மரம் மணிக்கணக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறது என்றால் நம்புவீர்களா? உண்மை! இலை உதிர்ந்த பிறகு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதை மரம் தனக்குள் கூட்டிக்கொண்டே வரும். பழைய ‘டெலிசியஸ்’ ரகங்களுக்கு ஆயிரம் மணி நேரத்தை ஒட்டிய குளிர் தேவை. கணக்கு முடியாமல் வெயில் வந்தால் மொட்டுகள் ஒன்றாக விழிக்காது. ஒரு கிளையில் பூ, ஒரு கிளையில் மொட்டு, ஒரு கிளை மொட்டை. பனிக்காலம் சுருங்கச் சுருங்க இமாசலத்தில் ஆப்பிள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. குலு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் மாதுளை வர, ஆப்பிள் கின்னூருக்கும் லாஹௌலுக்கும் நகர்கிறது. 1916-இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கட் மலையில் ‘ரெட் டெலிசியஸ்’ கன்றுகளை நட்டு அங்கே ஆப்பிள் வணிகத்தைத் தொடங்கி வைத்தார். நம் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார், பின்னாளில் சத்யானந்த ஸ்டோக்ஸ் ஆனார். அவர் காலத்தில் அந்த மலையின் குளிருக்குக் குறைவே இல்லை.

குளிர் குறைந்தால் என்ன, குறைந்த குளிர் போதும் என்கிற ரகத்தைத் தேடு என்று கிளம்பியவர்களின் கதை தனி. இஸ்ரேலின் எய்ன் ஷெமர் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணையில் உருவான ‘அன்னா’ ரகம் சில நூறு மணி நேரக் குளிரிலேயே பூத்துவிடும். இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா, கொல்லையில் வீசிய விதையில் முளைத்த ஒரு செடியைக் காப்பாற்றி ‘எச்ஆர்எம்என் 99’ என்ற ரகத்தை உருவாக்கினார். சமவெளியின் 40 டிகிரி வெயிலைத் தாங்கும் ஆப்பிள்! அதற்காக 2025-இல் அவருக்கு பத்மஸ்ரீ. நம் கொடைக்கானல் மலையிலும் ஆப்பிள் உண்டு, ‘பார்லின்ஸ் பியூட்டி’, ‘ஐரிஷ் பீச்’ போன்ற ரகங்கள் அங்கே வளரும்.

எல்லாவற்றையும் மிஞ்சுவது இந்தோனேசியா. ஜாவாத் தீவின் பத்து என்ற மலையூரில், நிலநடுக்கோட்டுக்கு அருகே, குளிர்காலமே இல்லாத இடத்தில் ‘ரோம் பியூட்டி’ காய்க்கிறது. அறுவடை முடிந்த சில வாரத்தில் மரத்தின் இலைகள் அத்தனையையும் கையால் உருவி விடுகிறார்கள். மரம் தூக்கத்துக்குள் போவதற்கு முன்பே மொட்டு விழித்து மறுபடி பூக்கிறது. வருடத்துக்கு இரண்டு அறுவடை! தூங்க வைக்க முடியாத ஊரில் தூங்கவே விடாமல் காய்க்க வைக்கும் இந்த யோசனையை நினைத்து நினைத்து மகிழலாம்.

பூக்கும் நேரத்தில் உறைபனி வந்தால்? பூவின் மேல் தண்ணீர் தெளித்து அதையே பனிக்கட்டியாக்கிவிடுகிறார்கள்! பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றுகிறதா? ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. தெளிப்பு நிற்காத வரை பனிக்கூட்டுக்குள் இருக்கும் பூ 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். திறந்த பூ சாகத் தொடங்குவது அதற்கும் இரண்டு டிகிரி கீழே போனால்தான். இத்தாலியின் தென் டிரோலில் வசந்தகால விடியற்காலையில் தோட்டம் முழுவதும் கண்ணாடியில் செய்தது போல மின்னும்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பூக்களை அடுத்து என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலானவற்றை உதிர்க்கிறார்கள்! ஒரு கொத்தில் ஐந்தாறு பூக்கள். நடுவில் முதலில் மலர்வது ராஜா பூ, பெரும்பாலும் அதன் காய்தான் பெரிதாகும். மரம் பூக்கும் பூக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து காயானாலே முழு மகசூல். மிச்சத்தை விட்டுவைத்தால் பழம் சிறுக்கும். அதைவிட மோசம், அடுத்த வருடம் மரம் பூக்காது. வளரும் காய்களின் விதைகள் சுரக்கும் ஜிபெரலின் என்ற ஹார்மோன், அடுத்த வருடத்துப் பூமொட்டு உருவாவதைத் தடுத்துவிடுகிறது. ஆம், இந்தக் கோடையில் காய் தொங்கும் அதே கிளையில்தான் வரும் ஆண்டின் பூவும் கண்ணுக்குத் தெரியாமல் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒரு வருடம் காய்த்துக் கொட்டி மறு வருடம் ஓய்ந்துவிடும் மரங்களின் மர்மம் இதுதான்.

மகரந்தத்துக்கு வருவோம். இமாசலத்தில் பூக்கிற பருவத்தில் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத் தோட்டத்தில் வைக்கிறார்கள். மகரந்தம் தரும் வேற்று ரக மரம் போதாத தோட்டத்தில், பூத்த கிளைகளை வேறிடத்திலிருந்து வெட்டிவந்து, தண்ணீர்ப் பைகளில் செருகி மரந்தோறும் பூங்கொத்தாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஜப்பானில் 1930-களில் இருந்தே, நாணல் குழாய்க்குள் தனியாகக் கூடு கட்டும் ஒருவகைக் காட்டுத் தேனீயை ஆப்பிளுக்காகவே வளர்க்கிறார்கள்.

பூச்சிக்கும் இப்படி ஒரு தந்திரம். ஆப்பிளுக்குள் புழுவாய் இருப்பது ஒரு சிறிய அந்துப்பூச்சியின் பிள்ளை. பெண் பூச்சி ஆணை அழைக்கும் வாசனை இன்னதென்று 1971-இல் கார்னெலின் வெண்டல் ரோலாஃப்ஸ் குழு கண்டுபிடித்தது. இன்று அதே வாசனையைச் செயற்கையாகச் செய்து தோட்டம் முழுக்கக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் பெண் வாசனை, ஆனால் பெண்ணைக் காணோம்! ஆண் பூச்சி அலைந்து ஓய்ந்துவிடும். கனடாவின் ஒகனகன் பள்ளத்தாக்கில் இன்னும் ஒரு படி மேல்: ஒசோயூஸ் என்ற ஊரில் இந்தப் பூச்சிகளை ஆலையில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கித் தோட்டங்களில் பறக்கவிடுகிறார்கள். புழுவுக்குக் கொடுக்கும் தீனியில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். பொறியில் விழுந்த பூச்சியை நசுக்கிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நம் பூச்சி, இல்லையென்றால் காட்டுப் பூச்சி!

1973-இல் காஷ்மீர்த் தோட்டங்களைச் சொறி நோய் சூறையாடியது. இலையும் பழமும் கரும்புள்ளி விழுந்து வெடிக்கும் பூஞ்சை நோய் அது. அதற்கு எதிரான மரபணு எங்கே கிடைத்தது தெரியுமா? அழகுக்காக வளர்க்கும் ஜப்பானியக் காட்டு ஆப்பிள் மரம் ஒன்றில்! அதன் பழம் சுண்டைக்காய் அளவுதான். அந்தச் சுண்டைக்காயைப் பெரிய ஆப்பிளோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, நோயைத் தாங்கும் குணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பழத்தை மட்டும் பெரிதாக்கி, காஷ்மீரில் நோய் சூறையாடுவதற்கு முன்பே, 1970-இல் ‘பிரைமா’ என்ற ரகத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தக் கலப்புக்கு முதல் விதை போட்டது 1910-களில்!

இனி மூச்சு. பறித்த ஆப்பிளுக்கு உயிர் உண்டு, அது சுவாசிக்கிறது. பழத்தின் கொள்ளளவில் கால் பங்கு காற்று, அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் முதல் உலகப் போரின் காலத்தில் கேட்ட கேள்வி எளிமையானது: மூச்சைக் குறைத்தால் ஆயுள் கூடுமா? கூடியது! ஆக்சிஜனைக் குறைத்து, கரியமில வாயுவைச் சற்றே கூட்டி, குளிரில் வைத்தால் பழம் பல மாதம் புதிதாகவே இருந்தது. முதல் வணிகக் கிடங்கு 1929-இல் கென்ட்டில் திறந்தது. இன்றைய கிடங்குகளில் ஆக்சிஜன் ஒன்று, இரண்டு சதவீதம்தான் இருக்கும். மனிதன் உள்ளே நுழைந்தால் நொடிகளில் மயங்கி விழுவான். கதவில் எச்சரிக்கைப் பலகை, உள்ளே ஆயிரக்கணக்கான பழங்கள் மெல்ல மெல்ல மூச்சு விட்டபடி! கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்னும் நுட்பமாகப் போனார்கள்: பழத்தோலின் பச்சையத்தில் இருந்து வரும் மங்கலான ஒளியை அளந்து, ஆக்சிஜன் போதவில்லை என்று ஆப்பிளே சொல்லும் அந்தக் கணத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே நிறுத்துகிறார்கள்.

வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகையில் உள்ள எத்திலீன் வாயுதான் அந்த வேலையைச் செய்கிறது. ஆப்பிளே அந்த வாயுவைச் சுரக்கிறது என்று 1934-இல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். பழம் தன் கடிகாரத்தைத் தானே முடுக்கிக்கொள்கிறது! அறுபது வருடம் கழித்து வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் ஒரு சிறு மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். எத்திலீன் வந்து உட்காரும் இடத்தில் அது முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு காற்றில் கலந்தாலே போதும், பழத்துக்கு ‘பழு’ என்ற கட்டளை கேட்காமல் போய்விடும். கோடையில் நாம் மொறுமொறுவென்று கடிக்கும் ஆப்பிள் போன இலையுதிர்காலத்தில் பறித்ததாக இருக்கலாம்.

அந்த மொறுமொறுப்புக்கே பெயர் போன ‘ஹனிகிரிஸ்ப்’ குப்பைக்குப் போக இருந்தது தெரியுமா? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960-இல் கலந்த மரம். 1977-இல் ‘வேண்டாம், கழித்துவிடு’ என்று குறித்துவிட்டார்கள். பிறகு வந்த டேவிட் பெட்ஃபோர்ட் இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம் என்று காப்பாற்றி வைத்தார். 1991-இல் வெளியானது, உலகமே அதன் பின்னால் ஓடியது! இன்னும் கேளுங்கள். இதன் தாய் தந்தை இன்னார் என்று பதிவேட்டில் எழுதியிருந்தது தவறு என்று மரபணுச் சோதனை காட்டியது. உண்மையில் ஒன்று ‘கீப்சேக்’. மற்றொன்று, பெயரே வைக்காமல் எண் மட்டும் கொடுத்திருந்த ஒரு சோதனை மரம். அந்த உண்மை 2017-இல்தான் வெளியே வந்தது. இதன் பிள்ளைதான் ‘காஸ்மிக் கிரிஸ்ப்’. வாஷிங்டன் மாநிலத்தில் 1997-இல் புரூஸ் பாரிட் கலந்தது, கடைக்கு வந்தது 2019 டிசம்பரில். இருபத்திரண்டு வருடம், ஒரு பழத்துக்கு!

காத்திருப்பைக் குறைக்க வழியில்லையா? ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிர்ச் மரத்தின் மரபணு ஒன்றை ஆப்பிளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். விரல் நீள நாற்று, சில மாதங்களிலேயே, தொட்டியிலேயே பூத்தது! நோய் தாங்கும் குணத்தை வேகமாகத் தலைமுறைகளுக்குக் கடத்திவிட்டு, கடைசிக் கலப்பில் அந்த அவசர மரபணுவை மட்டும் நீக்கிவிடலாம்.

புதிய குணங்களுக்காக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. கசகஸ்தானின் தியான் ஷான் மலைச்சரிவு. அங்கே ஆப்பிள் காடாகவே நிற்கிறது! 1929-இல் அங்கே போன ருஷ்ய அறிஞர் நிக்கோலாய் வவிலோவ், நம் ஆப்பிளின் பிறந்த வீடு இதுதான் என்று சொன்னார். அவர் ஸ்டாலினின் சிறையில் 1943-இல் இறந்தார். அவர் சொன்னதை 2010-இல் வெளியான ஆப்பிளின் முழு மரபணு வரிசையும் உறுதி செய்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் மாநில ஜெனீவாவின் ஆய்வாளர்கள் அந்தக் காட்டுக்குப் போய் மூட்டை மூட்டையாக விதை கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மரமும் வேறு வேறு முகம்.

இப்போது கையில் இருக்கும் ஆப்பிளை வெட்டலாம். நெடுக்காக அல்ல, குறுக்காக. நடுவில் ஐந்து முனை நட்சத்திரம், ஒவ்வொரு அறையிலும் இரண்டு விதைக்கு இடம். எண்ணிப் பாருங்கள். பத்தும் இருந்தால், அந்தப் பூவுக்கு வேண்டிய அளவு வேற்று ரக மகரந்தம் வந்து சேர்ந்திருக்கிறது. பழம் ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் அந்தப் பக்கத்து அறையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே விதை இருக்காது.